வீட்டில் அதிரும் பேஸ் மேடையில் கேட்காமல் போவது ஏன்? ஆம்பா, கிட்டாரா, விரலா?

நாலுகம்பி:
வணக்கம். ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும் குழுவில் நான் பேஸ் கிட்டார். இரண்டு எலக்ட்ரிக் கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு ட்ரம்ஸ். பாடுவது கிட்டார்காரர்களில் ஒருவர். என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ் வகை, பாஸிவ் (பேட்டரி இல்லாதது), நான்கு கம்பி. ஆம்ப் 100 வாட் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டி, உள்ளே ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர்.

வீட்டில் வாசிக்கும்போது ஒலி அவ்வளவு கனமாக, இனிமையாக இருக்கிறது. மேடையில் எல்லோரும் ஆரம்பித்ததும் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. வால்யூமை ஏற்றினால் ஒரு முழக்கம் வருகிறதே தவிர, எந்தச் சுரத்தில் இருக்கிறேன் என்று பிடிபடுவதில்லை. குமிழ்களைக் கடிகார முள் கணக்கில் சொன்னால் பேஸ் 3 மணி, மிட் 9 மணி, ட்ரெபிள் 2 மணி. 500 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றுக்கு மாறலாமா என்று யோசனை. ட்ரம்ஸ் வாசிப்பவரோ கிட்டாரையே மாற்றச் சொல்கிறார். மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மந்தரஸ்தாயி:
இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். விடை நீங்கள் எழுதிய குமிழ் நிலையிலேயே இருக்கிறது. பேஸும் ட்ரெபிளும் மேலே, மிட் கீழே. தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது இந்த அமைப்பு யாருக்கும் பிடிக்கும். குழுவோடு சேர்ந்ததும் முதலில் காணாமல் போவதும் இதே அமைப்புதான்.

பாதிக் காரணம் நம் காதில் இருக்கிறது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை என்று அளந்து வரைபடமாகவே காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகள் காதுக்கு மிகவும் மங்கிவிடும். சத்தம் ஏற ஏற அந்த வித்தியாசம் சுருங்கும். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது அடிச்சத்தம் போதவில்லை என்று பேஸ் குமிழை ஏற்றுகிறோம். அதே நிலையோடு மேடையில் சத்தமாக வாசித்தால், காதும் தாழ்ந்த ஒலியை நன்றாகப் பிடிக்கிறது, ஆம்பும் அதையே அதிகமாகக் கொடுக்கிறது. நீங்கள் சொல்லும் முழக்கம் அதுதான்.

அடுத்த ஒத்திகையில் எல்லாக் குமிழையும் 12 மணியில் வையுங்கள். பேஸைக் கொஞ்சம் கீழே, 11-க்கு இறக்குங்கள். மிட்டை 2 மணிக்கு ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் சளி பிடித்த குரல் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழு சேர்ந்ததும் அது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். மேடைக்கான ஈக்யூவை, அதாவது இந்தக் குமிழ்களின் அமைப்பை, வீட்டில் தனியாக வாசித்து முடிவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மிக்ஸர்மேசை:
மந்தரஸ்தாயி அண்ணன் சொன்னதற்கு ஒலி அமைப்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

நான்கு கம்பி பேஸில் திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். ஏ 55, டி 73.4, ஜி 98. ஒற்றை 12 அங்குலக் காம்போ பெரும்பாலும் 41 ஹெர்ட்ஸை உரிய பலத்தோடு தள்ளாது. அப்படியானால் ஈ கம்பி எப்படிக் கேட்கிறது? அதன் மேல்சுரங்களான 82, 124, 165 ஹெர்ட்ஸ் எல்லாம் கூடவே வருகின்றன. அந்த இடைவெளியை வைத்து அடிப்படைச் சுரம் எது என்று மூளையே கணக்குப் போட்டுக்கொள்கிறது. சின்ன ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும்போதும் பேஸ் வரி புரிவது இதனால்தான்.

ஆக, எந்தச் சுரம் என்று சொல்லும் தகவல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. கனம் 80 முதல் 120 வரை, உடம்பு 200-ஐ ஒட்டி, உறுமல் 500 முதல் 900 வரை, விரல் கம்பியில் படும் சத்தம் 2000-க்கு மேலே. இது என் காதுக் கணக்கு, கிட்டாருக்குக் கிட்டார் மாறும். நீங்கள் மிட்டை 9 மணிக்கு இறக்கியபோது வெட்டியது அந்த உறுமலைத்தான். ஏற்றிவிட்ட தாழ்பகுதியிலோ காலால் அடிக்கும் கிக் ட்ரம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, இது உங்கள் கையில் மட்டும் இல்லை. இரண்டு கிட்டார்காரர்களும் தங்கள் ஆம்பில் பேஸ் குமிழை ஏற்றி வைத்திருந்தால் 100 முதல் 250 வரை உங்களுக்கு இடமே இருக்காது. அவர்களும் வீட்டில் தனியாக வாசித்தே அந்த ஒலியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பேசிப் பாருங்கள்.

டியூப்சூடு:
ஈக்யூ சரி. ஆனால் இரண்டு கிட்டாரும் முழு ட்ரம்ஸும் உள்ள குழுவுக்கு 100 வாட் போதவே போதாது. இதை யாரும் சொல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது. ஆம்பெக் நிறுவனம் 1969-இல் எஸ்விடி என்ற பேஸ் ஆம்பை வெளியிட்டபோது டியூபிலேயே 300 வாட் கொடுத்தது. அதோடு சேர்ந்தவை 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு உள்ள மூடிய பெட்டிகள். பெரிய மேடையில் பேஸ் கேட்க வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்த ஆம்ப் அது. தேவை இல்லாமலா அவ்வளவு எடையைத் தூக்கினார்கள்?

மந்தரஸ்தாயி:
எஸ்விடி வந்த காலத்தில் பேஸை பி.ஏ. (கூட்டத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பு) வழியாக அனுப்புவது இன்று போல வழக்கமாக இல்லை. கூட்டத்துக்குக் கேட்க வேண்டிய பாரத்தில் பெரும்பகுதி ஆம்பின் தலையில்தான் விழுந்தது. இன்று பெரும்பாலான மேடைகளில் நம் ஆம்ப் நமக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் மட்டும்.

வாட் கணக்கையும் சரியாகப் பார்ப்போம். சக்தியை இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். 100-லிருந்து 500-க்குப் போனால் ஏறக்குறைய 7 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. 500 வாட் என்பது பயனற்றது என்று சொல்லவில்லை. ஆம்ப் திணறாமல் இருக்கும், உச்சங்கள் நசுங்காது. ஆனால் ஐந்து மடங்கு சத்தம் வரும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். அதே சக்தியில் இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி சேர்ப்பது பல நேரம் அதைவிட நல்ல வழி. நகரும் காற்றின் பரப்பு இரட்டிக்கும்.

டியூப்சூடு:
பெட்டி சேர்ப்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் 100 வாட்டை முட்ட முட்ட ஓட்டினால் ஒலி தட்டையாகிவிடும் என்பதில் நான் மாறவில்லை. நல்ல டியூப் ஆம்ப் திணறும்போது இனிமையாகத் திணறும். மலிவான டிரான்ஸிஸ்டர் ஆம்ப் திணறினால் காது வலிக்கும்.

ஐந்தாம்கம்பி:
நடுவில் ஒரு கேள்வி. பெட்டி சேர்க்கலாம் என்கிறீர்கள். என் ஹெட்டின் பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று ஸ்பீக்கரின் மின்தடை அளவு போட்டிருக்கிறது. 8 ஓம் பெட்டி ஒன்று இருக்கிறது. 4 ஓம் பெட்டி ஒன்று எளிதாகக் கிடைக்கும் போலிருக்கிறது. சேர்த்துப் போடலாமா?

மந்தரஸ்தாயி:
வேண்டாம். இரண்டையும் இணையாகப் போட்டால் மொத்தம் 2.67 ஓம். உங்கள் ஹெட்டின் எல்லைக்குக் கீழே. ஆம்ப் சூடாகிப் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், அந்தப் பாதுகாப்பு இல்லாத ஆம்பானால் போயே போய்விடும். 8 ஓம் பெட்டியாகவே இன்னொன்று தேடுங்கள், இரண்டும் சேர்ந்து 4 ஓம். முடிந்தால் அதே மாடல்.

இணைக்கும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் போடும் கேபிளும் அதே ஜாக்கில் பொருந்தும், ஆனால் அதன் உட்கம்பி மெல்லியது, அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது. டியூப் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: ஸ்பீக்கரை இணைக்காமல் டியூப் ஆம்பை வாசிக்கும் நிலைக்குப் போடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகலாம்.

நாலுகம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒத்திகையில் சொன்னபடி மிட்டை ஏற்றி, பேஸை இறக்கினேன். முதல் பாட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது, இப்போது சுரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றன. தனியாகக் கேட்டால் அழகாக இல்லைதான், உண்மை. ட்ரம்ஸ்காரரும் ஒப்புக்கொண்டார், ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னும் முழக்கம் இருக்கிறதாம். நான் நிற்கும் இடத்திலோ போதவில்லை. காம்போ தரையில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. தாழ்ந்த ஒலியின் அலை விரிவதற்கு எட்டு மீட்டர் வேண்டும், அதனால்தான் பக்கத்தில் கேட்காது என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

மிக்ஸர்மேசை:
அந்த எட்டு மீட்டர் என்ற எண் சரி, முடிவு தவறு. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, 41.2 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.3 மீட்டர் வரும். ஆனால் அலை "விரிந்தால்தான்" கேட்கும் என்பது கிடையாது. இயர்போனில் காதுக்குள்ளேயே பேஸ் கேட்கிறதே.

உண்மையான பிரச்சினை இரண்டு. முதலாவது, தரையில் இருக்கும் காம்போவின் மிட் ஒலி நேராக உங்கள் முழங்காலுக்குப் போகிறது. ஸ்பீக்கர் பெரிதாகப் பெரிதாக மேல் அதிர்வெண்கள் குறுகலாக, நேர்கோட்டில் போகும். தாழ்ந்தவை எல்லாத் திசையிலும் பரவும். அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முழக்கம் மட்டும் போகிறது, உங்களுக்குத் தெளிவு வருவதில்லை. பெட்டியை ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். வால்யூமைத் தொடாமலேயே நிறையக் கேட்கும். மேடை மரப்பலகையாக, உள்ளே வெற்றிடமாக இருந்தால், தூக்கி வைப்பதால் பலகை அதிர்வதும் குறையும்.

இரண்டாவது, அந்த ஒரு மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் மோதித் திரும்பி வருகிறது. சுவருக்கும் ஸ்பீக்கரின் முகப்புக்கும் உள்ள தூரம் ஒரு அலைநீளத்தின் கால்பங்காக இருந்தால், திரும்பி வருவது நேரே போவதற்கு எதிராக நின்று அதைக் குறைக்கும். ஒரு மீட்டருக்கு அது சுமார் 86 ஹெர்ட்ஸ். உங்கள் ஜி கம்பிக்கும் டி கம்பிக்கும் நடுவில், பேஸ் அதிகம் வாழும் இடத்திலேயே ஒரு குழி! பெட்டியைச் சுவரோடு நெருக்கினால் அந்தக் குழி மேலே நகரும், தாழ்பகுதிக்குச் சுவரின் ஆதரவும் கிடைக்கும். அப்போது பேஸ் குமிழை இன்னும் இறக்க வேண்டியிருக்கலாம். மூலையில் மட்டும் திணிக்காதீர்கள், அங்கே முழக்கம் மிகவும் கூடிவிடும்.

வழுக்குவிரல்:
கிட்டாரைப் பற்றி யாருமே பேசவில்லை. ஜாஸ் பேஸ் என்கிறார், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் அதில் இரண்டு, இரண்டின் குமிழும் முழுசாகத் திறந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே கம்பியை இரண்டு வேறு இடங்களில் கேட்டு இரண்டையும் கலக்கும்போது, சில மேல்சுரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிட்டில் லேசாகக் குழி விழும். தனி வாசிப்பில் அது பளபளப்பாகத் தெரியும், குழுவில் உள்வாங்கிப்போகும். கழுத்துப் பக்க பிக்கப்பைக் கொஞ்சம் குறையுங்கள். பிரிட்ஜ் (கம்பிகள் முடியும் அடிப்பக்கம்) பக்க பிக்கப் முன்னால் வரும், உறுமல் கூடும். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் ஃப்ரெட்லெஸ் (கழுத்தில் கட்டைகள் இல்லாத பேஸ்) ஒலி அந்தப் பிரிட்ஜ் பிக்கப்பை நம்பி நின்றதுதான். விரலையும் அவர் அதன் மேலேயே வைத்து மீட்டினார்.

டியூப்சூடு:
ராக் குழுவில் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்தால் மெலிந்துபோகும். கொஞ்சம் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவிர, இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும், ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்ற மின் இரைச்சல் எட்டிப் பார்க்கும். விளக்குகள் அதிகம் உள்ள மேடையில் இதைக் கவனியுங்கள்.

பிரிசிஷன் பேஸ் என்ற மாடல் இந்த விஷயத்தில் நிம்மதி. 1951-இல் வந்தது. 1957-இல் இரண்டாகப் பிளந்த பிக்கப்பைக் கொடுத்தார்கள், இரைச்சலும் அடங்கியது, மிட்டும் உரிய இடத்தில் நின்றது. ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். எந்தக் குமிழைத் தவறாகத் திருப்பினாலும் குழுவில் கேட்கும்.

வழுக்குவிரல்:
பிரிசிஷனைப் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அவரை இன்னொரு கிட்டார் வாங்க வைக்காதீர்கள். பணம் செலவில்லாத வழி வலது கையில் இருக்கிறது. கழுத்துப் பக்கம் மீட்டினால் ஒலி உருண்டு வரும், பிரிட்ஜ் பக்கம் போகப் போக இறுகும், முனை தெரியும். ஒரு பாட்டுக்குள்ளேயே கையை நகர்த்தலாம்: பாடகர் பாடும்போது ஒரு இடம், எல்லோரும் சேர்ந்து அடிக்கும்போது இன்னொரு இடம்.

கம்பியும் முக்கியம். பழைய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பியில் மேல்சுரங்கள் செத்துப்போயிருக்கும். அப்போது ட்ரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் வருவது இரைச்சல் மட்டுமே. புதிதாகப் போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான நாடா சுற்றிய) கம்பியை மாற்றாமலேயே, ஒரே ஆள்காட்டி விரலால் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் எத்தனையோ பதிவுகளைத் தாங்கினார். அந்தக் கனமான, குட்டையான ஒலிக்கு அது பொருத்தம்.

குட்டையான என்று சொன்னேனே, அதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. ஒரு சுரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பது எங்கே தொடங்குகிறோம் என்பதற்குச் சமம். வாசிக்காத கம்பிகள் சும்மா அதிர்ந்துகொண்டிருந்தால் அதுவும் முழக்கமாகத்தான் சேரும். கட்டைவிரலை ஈ கம்பிமேல் சாய்த்து வையுங்கள், இடது கை விரல்களால் மற்றவற்றைத் தொட்டு அடக்குங்கள். ஸ்நேர் ட்ரம் அடி விழும் இடத்தில் சுரத்தை வெட்டிப் பாருங்கள். ட்ரம்ஸ்காரர் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஐந்தாம்கம்பி:
ஐந்து கம்பிக்காரர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தாழ்ந்த பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ். அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலமான கிட்டாரிலும் அது நன்றாக ஒலிக்கலாம், 35 அங்குலம் இன்னும் இறுக்கம் தரும் என்று பலர் விரும்புகிறார்கள். நான் அந்தக் கம்பியை அழுத்தம் வேண்டிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், பாட்டு முழுக்க அங்கேயே இருந்தால் அந்த அழுத்தம் போய்விடுகிறது. மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றை 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குள் வைத்தால், ஸ்பீக்கர் கூம்பு சும்மா உதறுவது நிற்கும். காதுக்கு எதுவும் குறைந்த மாதிரி இருக்காது. ஆம்புக்குத்தான் மூச்சு வரும்.

நாலுகம்பி:
கழுத்துப் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கி, காம்போவை ஒரு ஸ்டாண்டில் சாய்த்து, சுவரோடு வைத்துவிட்டேன். இப்போது 100 வாட்டில் பாதிக்குமேல் போக வேண்டியதே இல்லை. அடுத்தது பெரிய மேடை, பி.ஏ. உண்டு. கிட்டாரை மிக்ஸருக்கு இணைக்கும் டிஐ பாக்ஸ் தருவார்களாம். ஆம்பிலேயே டிஐ வெளியீடும் இருக்கிறது, ப்ரீ, போஸ்ட் என்று ஒரு பொத்தானோடு. எதைக் கொடுப்பது?

மிக்ஸர்மேசை:
ப்ரீயில் வையுங்கள். போஸ்ட் என்றால் உங்கள் ஈக்யூவும் சேர்ந்து மிக்ஸருக்குப் போகும். பாதி நிகழ்ச்சியில் உங்களுக்குக் கேட்கவில்லை என்று குமிழைத் திருப்பினால், கூட்டத்துக்குப் போகும் ஒலியும் மாறிவிடும். ப்ரீயில் இருந்தால் உங்கள் ஆம்ப் உங்களுக்கு, மிக்ஸர் கூட்டத்துக்கு. உங்கள் ஆம்பின் குணமே உங்கள் ஒலி என்றால் போஸ்ட் கேளுங்கள், ஆனால் சவுண்ட் செக்குக்குப் பிறகு குமிழைத் தொடாதீர்கள். ஆம்ப் டிஐயும் தனி டிஐ பாக்ஸும் இரண்டுமே ஒலியைச் சமநிலைச் சமிக்ஞையாக மாற்றுவதால் நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாது. மின் இரைச்சல் கேட்டால் டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்செருகியின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், அது உயிர் விஷயம்.

சவுண்ட் செக்கில் உங்கள் முறை வரும்போது, நிகழ்ச்சியில் உண்மையாக வாசிக்கப்போகும் வரியை, உண்மையாக அடிக்கப்போகும் பலத்தோடு வாசியுங்கள். மெதுவாக வாசித்துவிட்டு நிகழ்ச்சியில் ஓங்கி அடித்தால், நான் வைத்த அளவெல்லாம் வீண். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடிப்பது) வாசிக்கும் பாட்டு ஒன்று இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். விரலில் வாசிப்பதைவிட அதன் உச்சங்கள் எங்கேயோ போகும்.

ஐந்தாம்கம்பி:
ஆக்டிவ் (உள்ளே பேட்டரி உள்ள) கிட்டார் வைத்திருப்பவர்கள் இடைவேளையில் கேபிளைக் கழற்றி வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஜாக் செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஆம்ப் அணைந்திருந்தாலும் சரி.

நாலுகம்பி:
கடைசியாக ஒன்று. கீபோர்டுக்காரர் இடது கையில் நிறைய வாசிக்கிறார். எனக்கும் அவருக்கும் மோதுகிறது. வயதில் பெரியவர், நல்ல கலைஞர். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மந்தரஸ்தாயி:
குறை சொல்வதாக ஆரம்பிக்காதீர்கள். ஒத்திகையில் ஒரு பாட்டைப் பதிவு செய்து, இருவரும் சேர்ந்து கேளுங்கள். நல்ல கலைஞர் என்றால் அவரே கேட்டுவிடுவார். தனியாக வாசிக்கும் பழக்கம் உள்ள கீபோர்டுக்காரர்களின் இடது கை பேஸ் வேலையையும் பார்த்துக்கொள்ளும், அது குறையல்ல, பயிற்சி. "அண்ணே, சரணத்தில் மட்டும் இடது கையை ஒரு ஸ்தாயி மேலே வைத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நீங்களும் ஓரிடம் விட்டுக்கொடுங்கள். நீங்கள் வாசிக்காமல் அவர் இடது கை மட்டும் தாங்குகிற ஓரிடத்தை, நாலு பார் (தாளச் சுற்று) நீளத்துக்கு, கண்டுபிடியுங்கள், முன்னிசையிலோ கடைசிச் சரணத்துக்கு முன்னாலோ. பிறகு நீங்கள் உள்ளே வரும்போது வால்யூம் ஏற்றாமலேயே எல்லோருக்கும் கேட்கும்.